சாதாரண தரக் கணிதம்: அட்சரகணிதமும் கேத்திரகணிதமும் பழகும் முறை – வன்னிப் பிள்ளைகளுக்கான முழுமையான வழிகாட்டி

விசுவமடுப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை ஒரு நாள் பை நிறைய வினாத்தாள்களோடு என்னிடம் வந்தாள். கடந்தகால வினாத்தாள்கள், மாகாண வினாத்தாள்கள், ரியூஷனில் கொடுத்த மாதிரித் தாள்கள் எல்லாம் அதில் இருந்தன. "எல்லாம் செய்து முடிச்சிட்டன் சேர். ஆனா நாற்பதுக்கு மேல ஏறுதில்லை" என்றாள்.

கொப்பியை வாங்கிப் புரட்டினேன். கணக்குகள் செய்யப்பட்டுத்தான் இருந்தன. பிழைத்த கணக்குக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் சரியான விடையையும் எழுதியிருந்தாள். ஆனால் எங்கே பிழைத்தது, ஏன் பிழைத்தது என்று ஓரிடத்திலும் ஒரு சொல் இல்லை. அடைப்புக்கு முன்னால் நிற்கும் கழித்தல் குறியை உள்ளே இரண்டாவது உறுப்புக்குக் கொண்டுபோகாமல் விட்டிருந்தாள். அந்த ஒரே பிழை பதினேழு இடத்தில் இருந்தது. இரண்டு பேரும் இருந்து எண்ணினோம்.

"இதை நீ பதினேழு தரம் பழகியிருக்கிறாய் பிள்ளை" என்றேன். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் அவள் உழைத்திருந்தாள். உழைப்பு போன வழிதான் பிழை.

இந்த வழிகாட்டி அப்படி உழைக்கிற பிள்ளைகளுக்காக. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா எங்கே இருந்தாலும் சரி, பக்கத்தில் நல்ல ரியூஷன் இல்லாவிட்டாலும் சரி, ஒரு கொப்பியும் பாடநூலும் கடந்தகால வினாத்தாள்களும் இருந்தால் இதைச் செய்யலாம்.

தொடங்குமுன்: புள்ளி எங்கே இருக்கிறது?

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கு இரண்டு வினாத்தாள். முதலாம் வினாத்தாள் 2 மணித்தியாலம். ஏ பகுதியில் 25 சிறு வினாக்கள், ஒவ்வொன்றும் 2 புள்ளி. பி பகுதியில் 5 அமைப்பு வினாக்கள், ஒவ்வொன்றும் 10 புள்ளி. எல்லாவற்றுக்கும் விடை எழுத வேண்டும். இரண்டாம் வினாத்தாள் 3 மணித்தியாலம். ஏ பகுதியில் ஆறில் ஐந்து, பி பகுதியில் ஆறில் ஐந்து என்று பத்து வினா, ஒவ்வொன்றும் 10 புள்ளி. இரண்டு தாளின் புள்ளியையும் கூட்டி இரண்டால் வகுப்பார்கள். 35 எடுத்தால் சாதாரண சித்தி, 50 திறமைச் சித்தி, 75 அல்லது அதற்கு மேல் எடுத்தால் ஏ.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதலாம் தாளின் 25 சிறு வினாக்கள் மட்டும் 50 புள்ளி. அதில் காரணிப்படுத்தல், சமனிலி, பொது மடங்குகளுட் சிறியது, சமாந்தரக் கோடுகளின் கோணங்கள், வட்டத்தின் கோணங்கள் என்று அட்சரகணிதமும் கேத்திரகணிதமும் கலந்து கிடக்கும். எந்தப் பெரிய நிறுவலும் வேண்டாம், கை பிழைக்காமல் இருந்தால் போதும். தொடர்ந்து பெயிலாகும் பிள்ளை முதலில் பிடிக்க வேண்டிய இடம் இதுதான். 60 எடுத்துக்கொண்டு 75ஐ எட்டப் பார்க்கும் பிள்ளைக்கோ இரண்டாம் தாளில் வரும் நிறுவலும் கவராயத்தால் செய்யும் அமைப்பும்தான் வாசல். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே மாதிரிப் படிக்கப் போகாதீர்கள்.

படி 1: ஒரே ஒரு வினாத்தாளால் உங்களை அளந்து பாருங்கள்

ஒரு கடந்தகால வினாத்தாளை எடுங்கள். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்தில் தமிழில் கிடைக்கிறது. வீட்டில் டேற்றா இல்லையென்றால் பாடசாலை நூலகத்திலோ மூத்த வகுப்புப் பிள்ளைகளிடமோ வாங்கலாம். நேரம் வைத்து, புத்தகம் பார்க்காமல், முதல் நாள் முதலாம் தாளும் அடுத்த நாள் இரண்டாம் தாளும் செய்யுங்கள்.

பிறகு திருத்துங்கள். புள்ளித்திட்டம் கிடைத்தால் அதை வைத்துத் திருத்துங்கள், ஏனென்றால் எந்த வரிக்கு எத்தனை புள்ளி என்று அதில்தான் தெரியும். ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில் இந்த மூன்றில் ஒரு சொல்லை எழுதுங்கள்:

தெரியாது – அந்தத் தேற்றமோ முறையோ எனக்கு உண்மையிலேயே தெரியாது.

தவறு – தெரியும், ஆனால் குறி, கூட்டல், பெருக்கல், பார்த்து எழுதியது எங்கோ பிசகிவிட்டது.

எழுதவில்லை – விடை வந்தது, காரணம் எழுதவில்லை, அலகு எழுதவில்லை, பொருந்தாத தீர்வை ஏன் விட்டேன் என்று சொல்லவில்லை.

பெரும்பாலான பிள்ளைகள் தங்களுக்கு "தெரியாது"தான் அதிகம் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். எண்ணிப் பார்த்தால் "தவறு", "எழுதவில்லை" இரண்டும் சேர்ந்து பாதிக்கு மேல் நிற்பதை என் வகுப்பில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அது நல்ல செய்தி. புதுப் பாடம் படிக்காமலே எடுக்கக்கூடிய புள்ளி அது.

படி 2: பிழைக் கொப்பி

80 பக்கக் கொப்பி ஒன்று போதும். ஒரு பக்கத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப் பக்கம் நீங்கள் எழுதிய பிழையான வரி, அப்படியே. நடுவில் சரியான வரி. வலப் பக்கம் உங்கள் சொந்தச் சொல்லில் ஒரு வசனம், எப்படிப் பிழைத்தது என்று. "கவனக்குறைவு" என்று எழுதுவது உதவாது. "கழித்தல் குறி இரண்டாவது உறுப்புக்குப் போகவில்லை" என்று எழுதுங்கள்.

முழுக் கணக்கையும் இதில் எழுதத் தேவையில்லை. பிழைத்த வரி மட்டும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அந்த வாரத்துப் பிழைகளை எடுத்து, அதே மாதிரிக் கணக்கு ஒன்றை நீங்களே உருவாக்கிச் செய்யுங்கள். எண்ணை மாற்றினாலே புதுக் கணக்கு. விசுவமடுப் பிள்ளைக்கும் இதைத்தான் கொடுத்தேன். மூன்று வாரம் புது வினாத்தாள் எதையும் தொடக்கூடாது என்று சொன்னபோது அவளுக்குப் பயம்தான். ஆனால் செய்தாள்.

படி 3: அட்சரகணிதம்

ஒரு சின்ன விஷயம். பாடநூலில் தெரியாக் கணியத்துக்கு ஆங்கில எழுத்துத்தான் போடுகிறார்கள். இங்கே எழுத வசதியாக "க", "ச" என்று தமிழ் எழுத்தைப் போடுகிறேன். கொப்பியில் நீங்கள் வழமைபோலவே எழுதுங்கள்.

அட்சரகணிதம் வாய்க்கால் வேலை மாதிரி. மேலே துருசில் ஒரு சின்ன அடைப்பு இருந்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் வராது. இரண்டாம் வரியில் குறி பிசகினால் பத்தாம் வரிவரை எல்லாம் பிழை. அதனால் பழக வேண்டிய முதல் பழக்கம், ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போகும்போது ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்வது. மனத்தில் இரண்டு படியைச் சேர்த்துச் செய்துவிட்டு மூன்றாவதை எழுதாதீர்கள்.

அந்தப் பிள்ளையின் பிழை இதுதான்:

5 − 2(க − 3) = 5 − 2க − 6 (பிழை)
5 − 2(க − 3) = 5 − 2க + 6 = 11 − 2க (சரி)

இதை யாரிடமும் கேட்காமல் நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. க இற்கு ஒரு சின்ன எண்ணைப் போட்டுப் பாருங்கள். க = 1 என்றால் முதல் கோவை 5 − 2 × (−2) = 9. உங்கள் விடை 11 − 2 = 9. பொருந்துகிறது. பிழையான விடைக்குப் போட்டால் −3 வரும். உடனே பிடிபடும். 0ஐப் போடாதீர்கள், அது பல பிழைகளை மறைத்துவிடும். 1ம் சில நேரம் மறைக்கும், ஏனென்றால் 1இன் வர்க்கமும் 1. அதனால் 2 அல்லது 3 நல்லது.

இந்தப் பிரதியிட்டுச் சரிபார்க்கும் பழக்கத்தை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. நான் படித்த காலத்தில் கையில் இருந்த ஒரு வழிகாட்டி நூலில் ஒரு விடையே பிழையாக அச்சாகியிருந்தது. என் விடை அதோடு பொருந்தவில்லை என்று இரண்டு நாள் அதே கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்து, கடைசியில் எனக்குக் கணிதம் வராது என்றே முடிவெடுத்துவிட்டேன். ஒரு எண்ணைப் பிரதியிட்டுப் பார்க்க அப்போது யாராவது சொல்லியிருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். புத்தகத்தின் பின்பக்கம் இல்லாமலே உங்கள் விடை சரியா என்று சொல்லக்கூடிய பாடம் இது. அந்தப் பலத்தைப் பாவியுங்கள்.

அட்சரகணிதப் பின்னத்திலும் இதே குறிதான் பிழைக்கும்:

3/(க − 2) − 2/(க + 1)
= [3(க + 1) − 2(க − 2)] / (க − 2)(க + 1)
= (3க + 3 − 2க + 4) / (க − 2)(க + 1)
= (க + 7) / (க − 2)(க + 1)

அடைப்பை விரிக்காமல் ஒரு வரி எழுதியிருப்பதைப் பாருங்கள். அந்த வரியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் +4க்குப் பதில் −4 எழுதுகிறார்கள். க = 3 போட்டால் மேலே 3 − ½ = 2½. கீழே 10/4 = 2½. சரி.

காரணிப்படுத்தலுக்குத் தினமும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். 2க² − 5க − 12 வந்தால், 2 × (−12) = −24. பெருக்கினால் −24, கூட்டினால் −5 வரும் சோடி −8, +3. அதனால்

2க² − 8க + 3க − 12 = 2க(க − 4) + 3(க − 4) = (க − 4)(2க + 3)

இதுபோல ஐந்து கணக்கு, காலையில், தேத்தண்ணி ஆறுவதற்குள். ஒரு மாதத்தில் சோடி தானாகக் கண்ணில் படும். சமனிலியில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: மறை எண்ணால் வகுத்தால் குறி திரும்பும். −2க ≤ 6 என்றால் க ≥ −3. இருபடி வரைபில் அட்டவணை நிரப்பியதும் சமச்சீரைப் பாருங்கள். ச = (க − 1)² − 4 என்றால் க = −2 இலிருந்து 4 வரை ச இன் பெறுமானங்கள் 5, 0, −3, −4, −3, 0, 5. இரண்டு பக்கமும் பொருந்தாவிட்டால் வரைபுத்தாளைத் தொட முதலே பிழையைத் தேடுங்கள்.

வசனக் கணக்குத்தான் எங்கள் பிள்ளைகள் அதிகம் பயப்படுவது. வசனத்தைக் கண்டதும் அடுத்த வினாவுக்கு ஓடுகிறார்கள். இதைப் பாருங்கள்:

3 கொப்பியும் 2 பேனையும் 410 ரூபா. 2 கொப்பியும் 5 பேனையும் 420 ரூபா. ஒரு கொப்பி என்ன விலை, ஒரு பேனை என்ன விலை?

முதல் வரி எப்போதும் "என்க" என்று முடிய வேண்டும். ஒரு கொப்பியின் விலை க ரூபா, ஒரு பேனையின் விலை ச ரூபா என்க. "கொப்பி = க" என்று மட்டும் எழுதாதீர்கள், க என்பது கொப்பி அல்ல, அதன் விலை. பிறகு

3க + 2ச = 410 ... (1)
2க + 5ச = 420 ... (2)

(1)ஐ 5ஆலும் (2)ஐ 2ஆலும் பெருக்க, 15க + 10ச = 2050, 4க + 10ச = 840. கழித்தால் 11க = 1210, க = 110. (1)இல் பிரதியிட 330 + 2ச = 410, ச = 40. கொப்பி 110 ரூபா, பேனை 40 ரூபா. சரிபார்ப்பதை (2)இல் செய்யுங்கள், (1)இல் அல்ல, ஏனென்றால் (1)ஐ ஏற்கெனவே பாவித்துவிட்டீர்கள். 220 + 200 = 420.

இன்னொன்று, இரண்டாம் தாளில் வரும் வகை. மிளகாய் நாற்றுமேடை ஒன்று செவ்வக வடிவம். நீளம் அகலத்தைவிட 4 மீற்றர் கூட. பரப்பளவு 20 சதுர மீற்றர். √6 இன் பெறுமானம் 2.45 எனக் கொண்டு அகலத்தைக் காண்க.

அகலம் க மீற்றர் என்க. நீளம் (க + 4) மீற்றர்.
க(க + 4) = 20
க² + 4க = 20
க² + 4க + 4 = 20 + 4
(க + 2)² = 24
க + 2 = ±√24 = ±2√6
க + 2 = 4.90 அல்லது க + 2 = −4.90
க = 2.90 அல்லது க = −6.90
அகலம் மறையாக இருக்க முடியாது. ஆகவே அகலம் 2.9 மீற்றர்.

"அகலம் மறையாக இருக்க முடியாது" என்ற வசனத்தைத்தான் பலர் விடுகிறார்கள். ± போடாமல் விடுவது இரண்டாவது பிழை. 2.9ஐ 6.9ஆல் பெருக்கினால் 20.01. வினா √6ஐத் தந்திருக்கிறது என்றால் வர்க்கமூலத்துக்குள் 6 வந்தே ஆகவேண்டும். வராவிட்டால் மேலே எங்கோ பிழை. வினாவே உங்களுக்குத் தரும் துப்பு அது.

படி 4: கேத்திரகணிதம்

சொல்ல அதிகம் இருப்பது இதில்தான். அட்சரகணிதத்தில் கை பழக வேண்டும். கேத்திரகணிதத்தில் கண்ணும் வாயும் பழக வேண்டும். வாய் என்று சொல்வது சும்மா இல்லை. ஒரு நிறுவலை வாயால் இன்னொருவருக்குச் சொல்ல முடியாவிட்டால் தாளில் எழுதவும் முடியாது.

முதலில் தேற்ற அட்டைகள் செய்யுங்கள். பழைய கலண்டர் தாளை வெட்டினால் போதும். ஒரு பக்கம் படம் மட்டும், மறுபக்கம் அடைப்புக்குள் எழுத வேண்டிய காரணம். உதாரணமாக ஒரு பக்கம் வட்டமும் மையக் கோணமும் பரிதிக் கோணமும். மறுபக்கம் "ஒரே வில் மையத்தில் எதிரமைக்கும் கோணம், பரிதியில் எதிரமைக்கும் கோணத்தின் இருமடங்கு". சமாந்தரக் கோடுகளின் ஒத்த, ஒன்றுவிட்ட, நேயக் கோணங்கள், இருசமபக்க முக்கோணித் தேற்றமும் மறுதலையும், நடுப்புள்ளித் தேற்றமும் மறுதலையும், இணைகரத்தின் பண்புகள், வட்ட நாற்பக்கல், தொடலி, ஒன்றுவிட்ட துண்டக் கோணம், சமகோண முக்கோணிகள், பைதகரசு. பஸ்ஸில் போகும்போது படத்தைப் பார்த்துக் காரணத்தைச் சொல்லுங்கள். தேற்றத்தையும் மறுதலையையும் தனித்தனி அட்டையில் எழுதுங்கள், இரண்டும் ஒன்றல்ல.

மறுதலை என்றால் என்ன என்று விளங்காத பிள்ளைகளை நான் மேசன்மாரிடம் அனுப்புவதுண்டு. யுத்தத்துக்குப் பிறகு வன்னியெங்கும் வீட்டுத்திட்டங்கள் எழும்பியபோது பிள்ளைகள் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அத்திவாரம் வெட்ட முதல் நூல் பிடித்து, ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடியும் மறுபக்கம் 4 அடியும் அளந்து குறி வைப்பார்கள். இரண்டு குறிக்கும் இடையில் சரியாக 5 அடி வந்தால் மூலை மட்டம். வராவிட்டால் நூலை நகர்த்துவார்கள். செங்கோணம் இருந்தால் 3² + 4² = 5² என்பது பைதகரசின் தேற்றம். 3, 4, 5 வந்தால் செங்கோணம் என்பது அதன் மறுதலை. மேசன் பாவிப்பது மறுதலையைத்தான்.

சரி, இனி ஒரு நிறுவலைக் கிட்ட இருந்து பார்ப்போம். பென்சிலும் அடிமட்டமும் எடுத்து வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

பமதந ஓர் இணைகரம். மத என்ற பக்கத்தின் நடுப்புள்ளி ர. பர நீட்டப்படும்போது, நீட்டப்பட்ட நத ஐ ல இல் சந்திக்கிறது. (அ) நத = தல என நிறுவுக. (ஆ) முக்கோணி பநல இன் பரப்பளவு இணைகரத்தின் பரப்பளவுக்குச் சமன் எனக் காட்டுக.

படம் வரையும்போது செவ்வகம் மாதிரி வரையாதீர்கள், சாய்சதுரம் மாதிரியும் வேண்டாம். நன்றாகச் சரிந்த, ஒரு பக்கம் நீண்ட இணைகரம் வரையுங்கள். செவ்வகமாக வரைந்துவிட்டால் கண் 90° என்று சொல்லும், கை அதை எழுதிவிடும். படத்தில் தெரிகிறது என்பது காரணம் ஆகாது. தந்த விடயங்களைப் படத்திலேயே குறியுங்கள்: சமமான துண்டுகளுக்குச் சிறு கோடு, சமாந்தரத்துக்கு அம்புக்குறி.

இனி எழுதத் தொடங்காதீர்கள். வேண்டியதிலிருந்து பின்னால் நடந்து பாருங்கள். எனக்கு நத = தல வேண்டும். நத எதற்குச் சமன்? இணைகரத்தின் எதிர்ப்பக்கம் பம. அப்படியென்றால் பம = தல என்று காட்டினால் போதும். பம எந்த முக்கோணியில் இருக்கிறது? பமர இல். தல? லதர இல். இரண்டு முக்கோணியும் ஒருங்கிசையும் என்று காட்ட வேண்டும். அதற்கு என்ன இருக்கிறது? நடுப்புள்ளி தந்திருக்கிறது, சமாந்தரம் இருக்கிறது, ர இல் இரண்டு கோடு வெட்டுகின்றன. வழி திறந்துவிட்டது. இனி முன்னாலிருந்து எழுதலாம்:

முக்கோணிகள் பமர, லதர என்பவற்றில்
மர = தர (ர, மத இன் நடுப்புள்ளி)
∠பரம = ∠லரத (குத்தெதிர்க் கோணங்கள்)
∠பமர = ∠லதர (ஒன்றுவிட்ட கோணங்கள், பம // நல)
ஆகவே முக்கோணி பமர ≡ முக்கோணி லதர (கோ.கோ.ப., அதாவது கோணம், கோணம், பக்கம்)
பம = தல (ஒருங்கிசையும் முக்கோணிகளின் ஒத்த பக்கங்கள்)
பம = நத (இணைகரத்தின் எதிர்ப்பக்கங்கள்)
ஆகவே நத = தல

(ஆ)வுக்கு, ஒருங்கிசையும் முக்கோணிகளின் பரப்பளவு சமன். முக்கோணி பமர இன் பரப்பளவு = முக்கோணி லதர இன் பரப்பளவு. இரண்டு பக்கமும் நாற்பக்கல் பரதந இன் பரப்பளவைக் கூட்டுங்கள். ஒரு பக்கம் இணைகரம் பமதந, மறுபக்கம் முக்கோணி பநல. முடிந்தது.

ஒவ்வொரு வரிக்கும் அடைப்புக்குள் காரணம் இருக்கிறதா என்று பாருங்கள். காரணம் இல்லாத வரி பாதி வரி. முக்கோணிகளைப் பெயரிடும்போது எழுத்து ஒழுங்கும் முக்கியம். ப இற்கு ல, ம இற்கு த, ர இற்கு ர. ஒழுங்காக எழுதினால் ஒத்த பக்கங்கள் தாமாக வரும்: முதல் இரண்டு எழுத்து பம, லத. படத்தைப் பார்க்காமலே எழுதலாம்.

ஆனால் இத்தோடு இந்தக் கணக்கை விட்டுவிடாதீர்கள். நிறுவலை வாசித்து "விளங்கிவிட்டது" என்று தலையாட்டுவது பயிற்சி இல்லை. மூடி வைத்துவிட்டு, வெறும் தாளில் நீங்களே எழுதுங்கள். மூன்று நாள் கழித்து இன்னொரு தரம், எழுத்துகளை மாற்றி, படத்தைத் தலைகீழாக வரைந்து எழுதுங்கள். பிறகு வினாவைக் குழப்பிப் பாருங்கள். ர நடுப்புள்ளி இல்லை, மத இல் எங்கோ ஒரு புள்ளி என்றால் என்ன ஆகும்? பக்கம் போய்விட்டது, கோணங்கள் இன்னும் சமன். ஒருங்கிசைவு இல்லை, ஆனால் முக்கோணிகள் சமகோணமானவை, பக்கங்கள் விகிதசமன். ஒரே படத்திலிருந்து தரம் 10 பாடமும் தரம் 11 பாடமும் வந்துவிட்டன. இப்படி ஒரு கணக்கில் ஒரு மணித்தியாலம் இருந்த பிள்ளை, பத்து நிறுவலை விடை பார்த்துக் கொப்பி பண்ணிய பிள்ளையைவிட நன்றாக எழுதும். இதை நான் நிச்சயமாகச் சொல்வேன்.

கணிப்பு வகைக் கேத்திரகணிதத்தில், அதாவது முதலாம் தாளில் வரும் கோணம் காணும் வினாக்களில், கண்டுபிடித்த ஒவ்வொரு கோணத்தையும் படத்திலேயே எழுதுங்கள். கேட்ட கோணம் உடனே தெரியாவிட்டால் தெரிந்த வேறு எதையாவது எழுதுங்கள். மூன்றாவது கோணம் எழுதும்போது பெரும்பாலும் கேட்டது வந்துவிடும். ஆரைகள் இரண்டு தெரிந்தால் அங்கே ஓர் இருசமபக்க முக்கோணி இருக்கிறது என்று நினைவில் வையுங்கள். வட்டக் கணக்குகளில் பிள்ளைகள் அதிகம் தவறவிடுவது இதைத்தான்.

படி 5: கவராயம்

இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் எங்களிடம் கவராயம் இருக்கவில்லை. நூலில் பென்சிலைக் கட்டி வட்டம் போட்டோம். அது நல்ல வட்டம் இல்லை, ஆனாலும் வட்டம் என்றால் ஒரு புள்ளியிலிருந்து மாறாத தூரத்தில் போகும் ஒழுக்கு என்பதை அந்த நூல் எனக்குச் சொல்லித் தந்தது. இன்று கொம்பாஸ் பெட்டி வாங்கலாம். திருகாணி இறுக்கமானதைப் பார்த்து வாங்குங்கள். இளகியிருந்தால் வில் போகப் போக ஆரை மாறிவிடும்.

இதோ உங்களையே சோதிக்க ஒரு அமைப்பு. 8 செ.மீ. நீளமான கோடு. அதன் ஒரு முனையில் 60° கோணம், பாகைமானி இல்லாமல். அந்தக் கோணத்தின் மறுபுயத்தில் 5 செ.மீ. முக்கோணியை முடித்து மூன்றாவது பக்கத்தை அளவுங்கள். சரியாக 7 செ.மீ. வரவேண்டும். இனி இரண்டு பக்கங்களின் செங்குத்து இருகூறாக்கிகளை அமைத்து, அவை வெட்டும் புள்ளியை மையமாக வைத்து மூன்று உச்சியினூடாகவும் போகும் வட்டத்தை வரையுங்கள். ஆரை 4 செ.மீ.க்கு ஒரு நூலளவு கூட இருக்கும். மூன்றாவது பக்கம் 6.8 என்றோ 7.3 என்றோ வந்தால் பென்சிலைக் கூராக்கிவிட்டு மீண்டும் செய்யுங்கள். கண்ணாலேயே சரி பார்க்கலாம், ஆசிரியர் வேண்டாம்.

அமைப்பு வில்களை அழிக்காதீர்கள். புள்ளி அந்த வில்லுக்குத்தான். அழகாக இருக்கட்டும் என்று அழிறப்பரால் துடைத்துவிட்டு வந்த பிள்ளைகள் உண்டு.

படி 6: வாரம் எப்படிப் போகட்டும்?

எங்கள் பக்கத்தில் நேர அட்டவணை போடுவது கொழும்பில் போடுவது மாதிரி இல்லை. காலபோக விதைப்பும் வெட்டும் வந்தால் வயலுக்குப் போக வேண்டியிருக்கும். பஸ்ஸைத் தவறவிட்டால் வீடு வர இருட்டிவிடும். யானை வரும் பாதை என்றால் பொழுதுபட்ட பிறகு வகுப்புக்கு அனுப்பப் பெற்றார் பயப்படுவது நியாயம். அதனால் மணிக்கணக்காகப் போடாமல் வேலையாகப் போடுங்கள்.

பாடசாலை நாளில் மூன்று வேலை: காலையில் ஐந்து அட்சரகணிதச் சிறு கணக்கு, பின்னேரம் ஒரே ஒரு கேத்திரகணித வினா முழுமையாக, படுக்க முதல் பிழைக் கொப்பியில் அன்றைய வரி. மொத்தம் ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும். சனிக்கிழமை ஒரு வினாத்தாளின் ஒரு பகுதி, நேரம் வைத்து. ஞாயிறு பிழைகளுக்கு. வெட்டுக் காலத்தில் காலையில் செய்யும் ஐந்து கணக்கு மட்டும் நிற்கட்டும், மற்றதைப் பிறகு பிடிக்கலாம். ஆனால் அந்த ஐந்தை விடாதீர்கள்.

ஊரில் ஒரே வகுப்புப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இருந்தால் கிழமையில் ஒரு நாள் சேருங்கள். சேர்ந்து கணக்குச் செய்ய அல்ல. ஒருவர் நிறுவலைச் சொல்ல, மற்றவர் ஒவ்வொரு வரிக்கும் "ஏன்?" என்று கேட்க. வேப்ப மர நிழலில் மண்ணில் கோடு கீறிச் செய்தாலும் போதும். பெற்றாரும் இதைச் செய்யலாம். கணிதம் தெரியாத ஒரு அம்மா, மகனின் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு "இந்த வரிக்கு அடைப்புக்குள்ள ஒண்டும் எழுதேல்லையே தம்பி" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அவனுடைய நிறுவல்கள் திருந்தியது அந்தக் கேள்வியால்தான்.

கடைசி மூன்று வாரம்

இப்போதுதான் முழு வினாத்தாள்கள். வாரத்துக்கு இரண்டு, அதற்கு மேல் வேண்டாம், திருத்த நேரம் இருக்காது. முதலாம் தாளில் 25 சிறு வினாவுக்கு ஒரு மணித்தியாலம், ஐந்து அமைப்பு வினாவுக்கு ஒரு மணித்தியாலம், அதாவது ஒன்றுக்கு 12 நிமிடம். இரண்டாம் தாளில் ஒரு வினாவுக்கு 18 நிமிடம். 18 நிமிடம் முடிந்ததும் பாதியில் நின்றாலும் இடம் விட்டு அடுத்ததுக்குப் போகப் பழகுங்கள். வீட்டில் பழகாததை மண்டபத்தில் செய்ய மாட்டீர்கள்.

எந்த வினாவை விடுவது என்று இந்த வாரங்களிலேயே பாருங்கள். நிறுவலில் முதல் பகுதி மட்டும் தெரிந்தாலும் அதை எழுதுங்கள். "(அ) என நிறுவுக" என்று கேட்டு உங்களால் நிறுவ முடியாமல் போனாலும், (அ) உண்மை என்று எடுத்துக்கொண்டு (ஆ)வைச் செய்யலாம். இதைத் தெரியாமல் முழு வினாவையும் விட்டுவிட்டு வருகிறவர்கள் ஏராளம்.

இரண்டாம் தாளுக்கு முதல் தரும் வாசிப்பு நேரத்தில் பேனையைத் தொடாமல் எல்லா வினாவையும் ஒரு தரம் வாசியுங்கள். நிறுவல் வினாவின் படத்தை மனத்தில் வரைந்து பாருங்கள். எழுதும்போது கைக்கு நன்றாகப் பழகிய ஒரு வினாவிலிருந்து தொடங்குங்கள், அது ஏழாம் இலக்கமாக இருந்தாலும் பரவாயில்லை. வினா இலக்கத்தைத் தெளிவாக எழுதினால் போதும்.

பரீட்சைக்கு முதல் நாள் இரவு புதுக் கணக்கு எதுவும் வேண்டாம். பிழைக் கொப்பியின் வலப் பக்க வசனங்களை மட்டும் மேலிருந்து கீழே வாசியுங்கள். விசுவமடுப் பிள்ளையின் கொப்பியில் "கழித்தல் குறி இரண்டாவது உறுப்புக்குப் போகவில்லை" என்ற வசனம் முதல் இரண்டு பக்கத்தில் ஒன்பது தரம் இருந்தது, பதினொராம் பக்கத்துக்குப் பிறகு ஒரு தரமும் இல்லை. பிறகு பென்சில் இரண்டைக் கூராக்கி, கவராயத்தின் திருகாணியை இறுக்கி, அடிமட்டம், அழிறப்பர், பேனைகள், அனுமதி அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வாசலுக்குக் கிட்ட வையுங்கள். ஏ9 வீதிக்கு நடந்து வந்து பஸ் எடுக்கிற பிள்ளை என்றால் வழமையாக ஏறும் பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸைப் பிடியுங்கள்.